கல்லூரி வாசலோடு நின்ற ஆட்டம்

பெண்கள் கூடைப்பந்தின் வரலாற்றை எழுதுவோர் லூசியா ஹாரிஸ் என்ற பெயரை எடுத்தவுடன், அமெரிக்க ஆண்களின் தொழில்முறை லீகான என்பிஏ 1977இல் நடத்திய புதுமுகத் தேர்வில் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணி அவரை ஏழாவது சுற்றில், 137ஆவது பெயராக எடுத்த செய்தியையே முன்னால் வைக்கின்றனர். ‘டிராஃப்ட்’ எனப்படும் இத்தேர்வில், கல்லூரி ஆட்டத்தை முடித்து வருவோரை லீகின் அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுத்து, அவர்களுடன் ஒப்பந்தம் பேசும் உரிமையைப் பெறுகின்றன; 1969இல் டெனிஸ் லாங் என்ற பெண்ணைச் சான்பிரான்சிஸ்கோ அணி எடுத்ததை லீகின் ஆணையர் செல்லாது என்று அறிவித்துவிட்டதால், முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே பெண்ணாக ஹாரிஸ் நிற்கிறார். செய்தி உண்மை, ஆயினும் அவருடைய ஆட்ட வாழ்க்கையில் மிகக் குறைந்த பொருளுடைய நிகழ்ச்சி அதுதான். நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரராக விளங்கிய ஒருவர் 22 வயதில் ஏறத்தாழ எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள நேர்ந்தது ஏன் என்ற கேள்விதான் அந்த வாழ்க்கையிலிருந்து எழ வேண்டியது. அதற்கான விடையை அவருடைய கைத்திறனில் தேடுவதைவிட, அவருக்கு வழிவிட்ட அமைப்புகளிலும் வழிவிடாத அமைப்புகளிலும் தேடுவதே பொருத்தம்.

ஹாரிஸ் 1955 பிப்ரவரி 10 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் மின்டர் சிட்டியில், பதினொரு பிள்ளைகள் இருந்த கறுப்பின உழவர் குடும்பத்தில் பிறந்தார். பருத்தி விளைச்சலுக்கும் நிறவெறிக்கும் பெயர்போன டெல்டா வட்டாரம் அது. எம்மட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் கடத்திக் கொன்று டாலஹாச்சி ஆற்றில் வீசிய கொடுமையும் அந்த வட்டாரத்தில் அதே ஆண்டில்தான் நடந்தது. பருத்தி பறித்தும் வீட்டு முற்றத்தில் பந்தாடியும் வளர்ந்த ஹாரிஸ், கிரீன்வுட் நகரின் அமாண்டா எல்சி உயர்நிலைப் பள்ளிக்காக ஆடி, 6 அடி 3 அங்குல உயரத்துடன் 1973இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது, ஆல்கார்ன் ஸ்டேட்டில் சேரவே எண்ணியிருந்தார். கறுப்பின மாணவர்களுக்கென நிறுவப்பட்ட அந்தக் கல்வி நிலையத்தில் அப்போது பெண்கள் கூடைப்பந்து அணி கிடையாது. அங்கே போயிருந்தால் ஆட்டத்தை மறந்துவிட்டுப் பட்டம் மட்டும் பெற்றுத் திரும்பியிருப்பார். கிளீவ்லாந்து என்ற சிற்றூரில் இருந்த டெல்டா ஸ்டேட் அந்த ஆண்டுதான் பெண்கள் அணியைத் தொடங்குவதாக இருந்தது என்பதும், அதற்கு ஆள் தேடியவர்கள் அவரை அணுகினார்கள் என்பதும் தற்செயல்கள். விளையாட்டுக்கென்று உதவித்தொகை எதுவும் தரப்படவில்லை. படிப்புக்கான உதவித்தொகையும் வளாகத்தில் வேலை செய்து ஈட்டிய பணமும்தான் அவரைத் தாங்கின. அணியிலிருந்த ஒரே கறுப்பினப் பெண்ணும் அவரே.

டெல்டா ஸ்டேட்டுக்குப் பெண்கள் அணி புதியதன்று. முன்பிருந்த அணியை 1930களின் தொடக்கத்தில், இந்த ஆட்டம் இளம்பெண்களின் உடலுக்குத் தாங்காது என்று காரணம் காட்டி நிர்வாகம் கலைத்துவிட்டது. அந்த அணியில் ஆடிய மார்கரெட் வேடும் தோழியரும் தங்கள் ஆட்ட உடைகளைக் கொளுத்தி எதிர்ப்பைக் காட்டினர். ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து, பள்ளிப் பயிற்சியாளராகப் பணியாற்றிப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதிலிருந்து விலகியிருந்த வேடைத்தான், அவருடைய 60ஆம் வயதில் புதிய அணிக்குப் பயிற்சியாளராக வரும்படி அதே நிறுவனம் அழைத்தது. உடலுக்குத் தாங்காது என்ற அந்த வாதம் ஒரு கல்லூரியின் தனிக் கருத்தாகவும் இருக்கவில்லை. கூடைப்பந்து கண்டுபிடிக்கப்பட்ட மறு ஆண்டே, 1892இல், ஸ்மித் கல்லூரியின் ஆசிரியை செண்டா பெரென்சன் பெண்களுக்கென ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, எவரும் தம் பகுதியைத் தாண்டக் கூடாது என்று விதி வகுத்தார். பெண்கள் அளவுக்கு மீறிக் களைத்துவிடக் கூடாது என்ற அக்கறையில் பிறந்த அந்த விதி, பின்னர் அணிக்கு அறுவராக, மூவர் தாக்கவும் மூவர் தடுக்கவும் மட்டுமே உரிமை பெற்ற அரைக்கள ஆட்டமாக உருமாறிப் பல தலைமுறைகள் நீடித்தது. ஐவர் ஆடும் முழுக்கள ஆட்டம் 1971இல்தான் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கு நிலையான விதியாயிற்று. ஹாரிஸ் கல்லூரிக்குள் நுழைவதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர் என்பதை எண்ணிப் பார்த்தால், அவருடைய அக்காள்மார் தலைமுறையில் அதே திறமையோடு ஒருத்தி இருந்திருந்தாலும் அவள் பாதிக் களத்தில்தான் நின்றிருப்பாள் என்பது விளங்கும்.

இந்த மாற்றங்களுக்குச் சட்டத்தின் துணை கிடைத்தது 1972இல். அமெரிக்கக் கல்வித் திருத்தச் சட்டத்தின் ‘ஒன்பதாம் தலைப்பு’, கூட்டரசின் நிதியைப் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலின அடிப்படையில் எவரையும் விலக்கக் கூடாது என்று விதித்தது. விளையாட்டைப் பற்றி அச்சட்டத்தின் அடிப்படை வாசகம் எதுவும் சொல்லவில்லை எனினும், கல்லூரி விளையாட்டும் கல்வித் திட்டத்தின் பகுதியே என்பதால், பெண்களுக்கு அணி வைக்காமல் இருப்பது இனி எளிதன்று என்பதைக் கல்லூரிகள் விரைவில் உணர்ந்தன. இச்சட்டத்தைப் போற்றுவோர் பலர், போற்றத் தக்கதுதான். ஆனால் அதன் எல்லை எது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. கல்வி நிலையங்களைக் கட்டுப்படுத்திய அச்சட்டத்துக்குத் தொழில்முறை லீகின் மீதோ முதலீட்டாளரின் மீதோ அதிகாரம் எதுவும் இல்லை. பட்டம் வாங்கிய மறுநாளே ஆட்டக்காரியை அது கைவிட்டுவிடும். ஹாரிஸின் வாழ்க்கை முழுவதும் இந்த எல்லைக் கோட்டின்மேல் நடந்தது.

கோட்டுக்கு உள்ளே அவர் ஆடிய ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்வது அநீதி. கூடையருகே நின்று பந்தை வாங்கி, திரும்பி, தடுப்பவரின் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் இடும் ‘சென்டர்’ என்ற இடம் அவருடையது; எறிந்த பந்து கூடையில் விழாமல் திரும்பும்போது அதைப் பாய்ந்து கைப்பற்றும் ‘ரீபவுண்ட்’ என்ற வேலையும் அந்த இடத்துக்கு உரியது. நான்கு ஆண்டுகளில் அவர் 2,981 புள்ளிகளும் 1,662 ரீபவுண்டுகளும் எடுத்தார். சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 25.9 புள்ளிகள், 14.5 ரீபவுண்டுகள். தொலைவிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்ற விதி வராத காலத்தில், ஆண்கள் ஆடிய அதே பெரிய பந்தைக் கொண்டு எடுத்த எண்ணிக்கைகள் இவை. பெண்களுக்கான சற்றே சிறிய பந்து 1980களில்தான் கல்லூரி ஆட்டத்துக்கு வந்தது. அவர் இருந்த காலத்தில் டெல்டா ஸ்டேட் 109 ஆட்டங்களில் வென்று 6 ஆட்டங்களில் மட்டுமே தோற்றது. 1974-75 பருவத்தில் ஒன்றிலும் தோற்கவில்லை. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் தேசியப் பட்டத்தை வைத்திருந்த, பென்சில்வேனியாவின் சிறிய கத்தோலிக்கக் கல்லூரியான இமாகுலேட்டாவை அந்தப் பருவத்தின் இறுதியாட்டத்தில் 90-81 என்று வீழ்த்தியது. 1976லும் 1977லும் பட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வெற்றிகளின் நடுவே, மாணவர்கள் தங்கள் வளாகத்தின் விழா அரசியாகவும் அவரைத் தேர்ந்தெடுத்தனர். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். இருபது ஆண்டுகளுக்கு முன் அந்த மண் எப்படி இருந்தது என்பதை அறிந்தோர், பட்டங்களைவிட இதையே பெரிதாகக் கருதக்கூடும்.

1976இல் மான்ட்ரியலில் பெண்கள் கூடைப்பந்து முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ஆண்களுக்கு 1936 முதலே இருந்த வாய்ப்பு அது. அந்தப் போட்டியின் முதல் கூடையைப் போட்டவர் ஹாரிஸ். ஜப்பானுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் அமெரிக்கா தோற்றது என்றாலும், முடிவில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. தங்கம் வென்ற சோவியத் அணி அமெரிக்காவை 112-77 என்று முறியடித்தது. அந்த அணியின் சென்டர், லாட்வியாவைச் சேர்ந்த ஏறத்தாழ 7 அடி உயர உல்யானா செம்யோனோவா, ஹாரிஸைவிட மூன்று வயது மூத்தவர். பதின்ம வயதில் ரீகா நகரின் டிடிடி கழகத்தில் சேர்ந்தவர் 1980களின் பிற்பகுதி வரை அதே கழகத்துக்கு ஆடி, 1980 ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்று, பின்னர் ஸ்பெயினிலும் பிரான்சிலும் ஆடிவிட்டே ஓய்ந்தார். சோவியத் முறை தன் ஆட்டக்காரர்களைப் பெயரளவில் தொழில்முறையற்றோர் என்று வைத்துக்கொண்டு அரசின் செலவில் பராமரித்தது. அதன் கட்டுப்பாடுகளையும் கெடுபிடிகளையும் யாரும் மெச்ச வேண்டியதில்லை. ஆனால் ஒரே களத்தில் எதிரெதிரே நின்ற இரு சென்டர்களில் ஒருவருக்கு இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆட்டம் மிச்சமிருந்தது, மற்றவருக்கு ஏறத்தாழ ஒரு கல்லூரிப் பருவமே மிச்சமிருந்தது என்ற வேறுபாட்டை உடல்திறனைக் கொண்டு விளக்க முடியாது.

1977இல் ஹாரிஸ் பட்டம் பெற்றபோது அமெரிக்காவில் பெண்களுக்கென்று தொழில்முறை லீக் ஒன்றுகூட இல்லை. ஜாஸ் அணியின் அழைப்பு வந்தது அந்தச் சூழலில்தான். அப்போது திருமணமாகிக் கருவுற்றிருந்த அவர் பயிற்சி முகாமுக்கே போகவில்லை. அது விளம்பரத்துக்கான செயல் என்று கருதியதாகவும், ஆண்களோடு மோதும் அளவுக்குத் தாம் இருப்பதாக நினைக்கவில்லை என்றும், போகாததற்காகத் துளியும் வருந்தவில்லை என்றும் பிற்காலத்தில் தெளிவாகவே சொன்னார். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒலிம்பிக் அணியில் அவருடன் ஆடிய ஆன் மேயர்ஸ், 50,000 டாலர் ஒப்பந்தத்துடன் இண்டியானா பேசர்ஸ் அணியின் தேர்வு முகாமுக்குச் சென்று இடம் பெறாமல் திரும்பியது, ஹாரிஸின் கணிப்பு தவறன்று என்பதைக் காட்டியது. பெண்களின் ஆட்டத்துக்குப் பணம் போட முன்வராத தொழில், ஒரு பெண்ணை மட்டும் ஆண்களின் களத்துக்கு அழைத்துத் தன்னைத் தாராளமானதாகக் காட்டிக்கொள்வதைச் சாதனை வரலாற்றின் உச்சமாக வைப்பது, ஆட்டக்காரியைவிட அழைத்தவரையே பெருமைப்படுத்துகிறது.

1978இல் தொடங்கிய டபிள்யூபிஎல் என்ற முதல் பெண்கள் தொழில்முறை லீகில், ஹூஸ்டன் ஏஞ்சல்ஸ் அணிக்காக ஹாரிஸ் 1979-80 பருவத்தில் சிறிது காலம் ஆடினார். அந்த லீகுக்குப் பார்வையாளர் இருந்தனர், நிலையான முதலீடு இல்லை. மினசோட்டா அணியினர் ஊதியம் வராததால் 1981இல் சிகாகோவில் ஆட்டத்தைப் புறக்கணித்துக் களத்தைவிட்டு வெளியேறினர், மூன்றே பருவங்களில் லீகும் கலைந்தது. இன்றுள்ள டபிள்யூஎன்பிஏ முதல் ஆட்டத்தை நடத்தியது 1997 ஜூனில். ஒலிம்பிக் அணியின் இளையவரான நான்சி லீபர்மன் 39 வயதில் அதில் ஒரு பருவம் ஆடிவிட்டார். ஹாரிஸுக்கோ அப்போது வயது 42. அவர் டெல்டா ஸ்டேட்டில் மாணவர் சேர்க்கைப் பணியும் துணைப் பயிற்சியாளர் பணியும் பார்த்து, டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியளித்து, தாம் படித்த கிரீன்வுட் பள்ளியிலேயே ஆசிரியராகப் பணியாற்றினார். இருமுனை மனநோயோடு வாழ்ந்ததையும் அவர் மறைக்கவில்லை. ஆட்டம் பறிபோனதால் வந்த நோய் என்று அதை எழுதுவது கதைக்குச் சுவை கூட்டுமே தவிர, அதற்குச் சான்று கிடையாது. ஆணாகப் பிறந்திருந்தால் பெரும் பணம் ஈட்டியிருக்கலாம் என்று அவர் சொன்னதைப் புலம்பலாகக் கொள்ள வேண்டியதில்லை. சந்தை எப்படி இயங்கியது என்பதைப் பற்றிய துல்லியமான கூற்று அது.

1992இல் நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழரங்கில் அவர் சேர்க்கப்பட்டபோது, சிறுவயதில் இரவில் கண்விழித்துத் தொலைக்காட்சியில் அவர் பார்த்து வியந்த என்பிஏ ஆட்டக்காரர் ஆஸ்கர் ராபர்ட்சனே அவரை அரங்குக்கு அறிமுகப்படுத்தினார். அந்த அரங்கில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஹாரிஸ். பென் பிரவுட்ஃபுட் அவரைப் பேசவைத்து எடுத்த குறும்படம் 2022 மார்ச்சில் ஆஸ்கர் விருது பெற்றது, அவரோ அதே ஆண்டு ஜனவரி 18 அன்றே காலமாகியிருந்தார்.

பதிவேடுகளின் நிலை இன்னும் வேறு. 1970களில் கல்லூரிப் பெண்களின் போட்டிகளை நடத்தியது ஏஐஏடபிள்யூ என்ற தனிச் சங்கம். ஆண்களின் விளையாட்டை ஆண்டுவந்த என்சிஏஏ 1982இல் பெண்களுக்கும் பட்டப் போட்டி நடத்தத் தொடங்கியதும் அச்சங்கம் அழிந்தது, அதன் கணக்குகள் புதிய பதிவேட்டில் சேர்க்கப்படவில்லை. 2024 பிப்ரவரியில் கெய்ட்லின் கிளார்க், கெல்சி பிளம்மின் 3,527 புள்ளிகளைக் கடந்தபோது கல்லூரிப் பெண்களின் புள்ளிச் சாதனை முறியடிக்கப்பட்டதாக உலகம் கொண்டாடியது; கான்சஸின் லினெட் வுட்டர்ட் 1981லேயே 3,649 புள்ளிகளோடு முடித்திருந்தார் என்பது பலருக்கு அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. டெல்டா ஸ்டேட் பின்னாளில் என்சிஏஏவின் இரண்டாம் பிரிவில் ஆடி 1989, 1990, 1992 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றது. அந்த மூன்று பட்டங்களும் என்சிஏஏ பட்டியலில் இருக்கின்றன; ஹாரிஸும் வேடும் நாட்டின் பெரிய அணிகளை எல்லாம் வீழ்த்தி வென்ற மூன்றும் அதில் இல்லை.