வக்கீலையும் விசாரித்துப் பாருங்கள்
பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை விசாரிக்கிறோம். விவாகரத்து என்று வந்தால், வெளியே தெரியக்கூடாதென்று, யாரோ சொன்ன முதல் வக்கீலிடமே வக்காலத்தில் கையெழுத்துப் போட வைக்கிறோம். இது சரியல்ல.

குடும்பநலக் கோர்ட்டில் எத்தனை வழக்கு நடத்தியிருக்கிறார், பீஸ் மொத்தமா, வாய்தாவுக்கு வாய்தாவா என்று கேளுங்கள். ஜீவனாம்சத்தில் பங்கு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பார் கவுன்சில் விதியே அதைத் தடுக்கிறது. பரஸ்பர சம்மத மனுவுக்கான ஆறு மாதக் காத்திருப்பைக்கூடத் தக்க வழக்குகளில் கோர்ட் தளர்த்தலாம் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கு வழியுண்டா என்றும் கேளுங்கள்.

பணமில்லையா? 1987-ஆம் வருடச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் போன் செய்யலாம்.

கேள்வி கேட்க வேண்டியது பெண்தான். நாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.