எத்தனை கிலோ குறைஞ்சது என்று மட்டும் கேட்காதீங்க

உடல் நிறையைக் குறைக்கும் சத்திரசிகிச்சை பற்றி எழுதப் போறோம்னு சொன்னதும் எங்க கூட்டத்திலேயே ரெண்டு பேர் சிரிச்சாங்க. "தோட்டத்துல புள்ளைங்களுக்குப் போசாக்கு இல்ல, நீங்க கொழுப்புக் குறைக்கிற கதை பேசுறீங்களா?" கேள்வி நியாயமானதுதான். ஆனா அதுக்குள்ள இருக்கிற முடிவு பிழை.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு ஏறக்குறைய 32 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாடு முழுவதுக்குமான கணக்கு 17தான். தாயின் வயிற்றிலேயே போசாக்குக் குறைந்து பிறக்கும் பிள்ளைக்குப் பிற்காலத்தில் இதய நோயும் நீரிழிவும் வரும் வாய்ப்புக் கூடுதல் என்று இங்கிலாந்து மருத்துவர் டேவிட் பார்க்கர் 1980களின் கடைசியிலிருந்தே சொல்லிவந்தார். அந்தப் பிள்ளை வளர்ந்து, கோதுமைமா ரொட்டியும் சீனி அள்ளிப்போட்ட பிளேன்டீயுமாகக் காலம் தள்ளினால் என்ன நடக்கும்? மெலிந்த பிள்ளையும் பருத்த தாயும் ஒரே லயத்துக் காம்பிராவில் இருப்பதில் முரண் எதுவும் இல்லை. ஒரே வறுமைதான் ரெண்டு பேரையும் அப்படி ஆக்கியிருக்கு.

அடுத்த நக்கல்: "வாயைக் கட்ட முடியாதவங்களோட குறுக்குவழி." இதைச் சொல்றவங்க அந்தச் சிகிச்சை என்னன்னு தெரிஞ்சுக்கணும். இப்போது அதிகம் செய்யப்படும் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். முதல் வாரங்களில் நீராகாரம் மட்டும், பிறகு மசித்த உணவு, அப்புறம்தான் சோறு, அதுவும் சில வாய். விட்டமின், இரும்பு, கல்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. முடி கொட்டும், தோல் தொங்கும். இது எந்தக் கணக்கில் குறுக்குவழி? மறுபக்கம், இது வெறும் அழகுக்கான சிகிச்சையும் இல்லை. சுவீடனில் 1987இல் தொடங்கி சுமார் 4,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் இறப்பு குறைவு என்று 2007இல் காட்டியது.

ஆக, சத்திரசிகிச்சைக்கு எதிராக நாங்க எழுதல. அதைச் செய்துகொண்ட மனுசரை யாரும் கேட்காமல் விடுவதற்கு எதிராகத்தான் எழுதுறோம்.

புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில், பெக்டரியில் வேலை செய்யும் அக்கா ஒருத்தர் எங்களுக்குத் தெரிந்தவர். சீனி வருத்தம், முழங்கால் வலி. தூரத்து ஊர் ஒன்றில், அரசாங்க ஆஸ்பத்திரியில் அவருக்கு இந்தச் சிகிச்சை இலவசமாக நடந்தது. செய்த டொக்டரை இன்னும் கையெடுத்துக் கும்பிடுகிறார். ஆனால் பேர் போடாமல் எழுதச் சொல்லி அவர் எங்களிடம் சொன்னது வேற கதை.

வார்டில் ஒரு மிஸ் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வாயைக் கட்டியிருந்தா இங்க வந்திருக்கத் தேவையில்லையே" என்றாராம். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சாப்பாட்டுத் துண்டு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அதில் சொன்ன சூப்பும் புரதமாவும் தோட்டத்துக் கடையில் கிடைக்காதவை, கிடைத்தாலும் வாங்க முடியாதவை. சாப்பாட்டோடு சேர்த்து எதையும் குடிக்கக்கூடாது, அரை மணி நேரம் விட்டுத்தான் குடிக்கணும் என்பது அவருக்கு விளங்கவே இல்லை. ரொட்டியைக் கடித்து பிளேன்டீயைக் குடிப்பதுதானே நம்ம வழக்கம்? ரெண்டு மாசம் வாந்தி. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும் என்பதையும் யாரும் சொல்லவில்லை.

கிளினிக்குக்குப் போற ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போச்சு. விடியக்காலம் பஸ் ஏறி, இருட்டினப் பிறகு வீடு. அங்கே நடப்பது? தராசில் ஏறு, இறங்கு. "நல்லாக் குறைஞ்சிருக்கு." கொப்பியில் ஓர் எண். முடிஞ்சது. அவர் அழுதுகொண்டு படுத்த இரவுகள் அந்தக் கொப்பியில் இல்லை.

தராசு நம்ம சனத்துக்குப் புதுசில்ல. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கிலோவைத்தான் எழுதுவாங்க, முதுகு வலியை எழுத மாட்டாங்க. ஆஸ்பத்திரியும் அப்படியே இருக்கணுமா?

2024 ஏப்ரலில் சென்னைப் பக்கம் பம்மலில், ஒரு தனியார் மருத்துவமனையில், நிறை குறைக்கும் சிகிச்சைக்குச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். தமிழ்நாட்டு அரசு விசாரித்தது, மருத்துவமனையின் அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. செத்தால் விசாரணை வரும். பிழைத்தவரை யார் விசாரிக்கிறது? விளம்பரத்தில் "முன்பு", "பின்பு" என்று ரெண்டு படம் போடுவாங்க. அந்த ரெண்டுக்கும் நடுவில்தானே ஒருத்தர் வாழ்ந்திருக்கார்?

"டொக்டர்மாருக்கு நேரமில்ல, நாட்டில மருந்துக்கே தட்டுப்பாடு" என்பாங்க. தெரியும். நாங்க கேட்பது பெரிய செலவில்லை. தமிழில் ஒரு சாப்பாட்டுத் துண்டு: அதில் பருப்பு, முட்டை, நெத்தலி, கீரை என்று நம்ம அடுப்பில் வேகிறது இருக்கட்டும். 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆனது. ஆகவே இதை உரிமையாகத்தான் கேட்கிறோம். ரெண்டாவது, இரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் கம்பளையிலோ புசல்லாவையிலோ கிடைக்கட்டும். மூணாவது, கிளினிக் நாளுக்குத் தோட்டம் பேர் வெட்டக்கூடாது. நாலாவது, தராசில் ஏற்றுவதற்கு முன்னாடி ஒரு கேள்வி: "உங்களுக்கு எப்படி இருக்கு?" பதிலையும் கொப்பியில் எழுதுங்க.

கடைசியா, வாசிக்கிற உங்களுக்கும் ஒண்ணு. கலியாண வீட்டில் அந்த அக்காவைச் சுத்தி நின்று "எத்தனை கிலோ குறைஞ்சது?" என்று கேட்டவங்கள்ல நாங்களும் இருந்தோம். அவர் தட்டில் சோறு அப்படியே இருந்ததை யாரும் பார்க்கல. அடுத்த முறை தட்டையும் பாருங்க. "சாப்பிட முடியுதா அக்கா?" என்று கேட்டுட்டு, அவர் சொல்லி முடிக்கிற வரை பக்கத்தில் உட்காருங்க.