தொட்டால் திறக்காத மெயில் லிங்க்... என்ன செய்வது?

வேலைக்கான அறிவிப்பு ஒன்றைப் பார்க்கிறீர்கள். 'விண்ணப்பங்களை இந்த முகவரிக்கு அனுப்பவும்' என்று நீல எழுத்தில் ஓர் இமெயில் முகவரி. மாலை 5 மணியோடு கெடு முடிகிறது. முகவரியைத் தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டால் வெள்ளையாக ஒரு பக்கம் வந்து நிற்கிறது. இல்லையென்றால், நீங்கள் எப்போதுமே பயன்படுத்தாத ஏதோ ஓர் ஆப் திறந்து, 'பாஸ்வேர்டு கொடுங்கள்' என்கிறது.

'சைட்டே சரியில்லை' என்று பலர் இத்துடன் விட்டுவிடுகிறார்கள். ரீஃபண்ட் கேட்க வேண்டியவர், இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் பற்றி எழுத வேண்டியவர், பிள்ளையின் கல்லூரிக்கு விளக்கம் அனுப்ப வேண்டியவர் எல்லோருக்கும் இதே கதிதான். உண்மையில், பல நேரங்களில் பிரச்னை அந்த சைட்டில் இல்லை. அந்த வேலையை எந்த ஆப்பிடம் கொடுப்பது என்று உங்கள் போனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவசரமா? முதலில் இதைச் செய்யுங்கள்

லிங்க்கைத் தட்டாமல், விரலை அதன் மேல் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். ஒரு சிறிய பட்டியல் வரும். ஆண்ட்ராய்டு போனின் குரோமில் 'காப்பி இமெயில் அட்ரஸ்' என்றும், ஐபோனில் 'காப்பி' என்றும் இருக்கும். அதைத் தொட்டுவிட்டு, வழக்கமான மெயில் ஆப்பைத் திறந்து, 'டூ' என்ற இடத்தில் பேஸ்ட் செய்யுங்கள். கடிதம் போய்ச் சேர இதுவே போதும்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். சில நேரம் முகவரிக்கு முன்னால் 'மெயில்டூ' என்ற ஆங்கிலச் சொல்லும் ஒரு முக்காற்புள்ளியும் ஒட்டிக்கொண்டு வரும். பின்னால் கேள்விக்குறியும் அதைத் தொடர்ந்து சில எழுத்துகளும் இருக்கலாம். இரண்டையும் அழித்துவிடுங்கள். நடுவில் இருக்கும் முகவரி மட்டும் போதும்.

ஏன் இப்படி ஆகிறது?

அந்த 'மெயில்டூ' என்ற சொல்தான் இதற்கெல்லாம் மூலம். லிங்க்கில் அந்தச் சொல் இருந்தால், 'இது வெப்சைட் அல்ல, கடிதம் எழுதும் வேலை. மெயில் புரோகிராமைத் திற' என்று பிரவுசர் புரிந்துகொள்ளும். 1994-ல் வெளியான இணைய முகவரி விதிகளிலேயே இது இடம்பெற்றுவிட்டது. அன்று மெயில் என்றாலே கம்ப்யூட்டரில் தனியாக ஒரு புரோகிராம் இருக்கும். 2004-ல் ஜிமெயில் வந்தது. பலர் பிரவுசருக்குள்ளேயே மெயில் பார்க்கத் தொடங்கினோம். லிங்க் மட்டும் இன்னும் அந்தப் பழைய புரோகிராமைத்தான் தேடுகிறது. அது இல்லாத இடத்தில் திருதிருவென விழிக்கிறது.

ஆண்ட்ராய்டு போனில்...

மெயில் ஆப் போனில் இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடம் போதவில்லை என்று ஜிமெயிலை 'டிஸேபிள்' செய்து வைத்திருப்பார்கள் சிலர். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், ஜிமெயிலைத் தொட்டு 'எனேபிள்' கொடுங்கள். பிறகு ஆப்பைத் திறந்து, உங்கள் கணக்கு அதில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வேறு ஆப் திறந்து தொல்லை கொடுத்தால், என்றோ ஒருநாள் 'ஆல்வேஸ்' என்பதைத் தொட்டிருப்பீர்கள். அதே ஆப்ஸ் பகுதியில் அந்தத் தொல்லைக்கார ஆப்பைத் திறந்து, 'ஓபன் பை டீஃபால்ட்' அல்லது 'செட் ஆஸ் டீஃபால்ட்' என்பதற்குள் போய், பழைய தேர்வை அழித்துவிடுங்கள். அடுத்த முறை லிங்க்கைத் தொடும்போது 'எதில் திறக்கட்டும்?' என்று போன் கேட்கும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் வந்த லிங்க் வழியாக ஒரு சைட்டுக்குப் போயிருந்தால், அது அந்த ஆப்புக்குள்ளேயே இருக்கும் குட்டி பிரவுசரில் திறந்திருக்கும். அங்கே மெயில் லிங்க் பல நேரம் வேலை செய்யாது. மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, குரோம் போன்ற வெளி பிரவுசரில் திறந்து பாருங்கள்.

ஐபோனில்...

ஆப்பிள் தந்த 'மெயில்' ஆப்பை நீக்கிவிட்டு ஜிமெயில் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு, 'மெயிலைத் திரும்ப இன்ஸ்டால் செய்யவா?' என்ற கேள்வி வரும். செய்ய வேண்டியதில்லை. 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதல், நமக்குப் பிடித்த மெயில் ஆப்பை நாமே தேர்வு செய்யலாம். புதிய போன்களில் செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ், இமெயில் என்று வரிசையாகப் போங்கள். பழைய பதிப்பு என்றால் செட்டிங்ஸ் பட்டியலில் ஜிமெயிலைத் தொட்டால், 'டீஃபால்ட் மெயில் ஆப்' என்ற வரி இருக்கும்.

கம்ப்யூட்டரில்...

விண்டோஸில் இருந்த பழைய 'மெயில்' ஆப்புக்கான ஆதரவை, 2024 டிசம்பர் 31-உடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதன் இடத்தில் புதிய அவுட்லுக் வந்திருக்கிறது. லிங்க்கைத் தொட்டதும் அவுட்லுக் வந்து கணக்கு கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜிமெயிலே போதும் என்பவர்கள், குரோமில் ஜிமெயிலைத் திறந்து வையுங்கள். முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் இரண்டு சாய்சதுரங்கள் பின்னியதுபோல ஒரு சின்னம் தெரியும். அதை க்ளிக் செய்து 'அலௌ' கொடுங்கள். அதன் பிறகும் வேறு ஏதாவது திறந்தால், விண்டோஸ் செட்டிங்ஸின் டீஃபால்ட் ஆப்ஸ் பகுதியில் 'மெயில்டூ' என்று ஆங்கிலத்தில் தேடி, அதற்கு குரோமைத் தேர்ந்தெடுங்கள்.

தவறு அவர்கள் பக்கம் என்றால்...

லிங்க்கைத் தொட்டதும் 'பக்கம் கிடைக்கவில்லை' என்று வந்தால், சைட்டை உருவாக்கியவர் 'மெயில்டூ' என்ற சொல்லைப் போட மறந்திருப்பார். பிரவுசர் அதை வெப்சைட் என்று நினைத்துத் தேடித் தோற்றுப்போகிறது. கண்ணுக்குத் தெரியும் முகவரியை நீங்களே டைப் செய்துகொள்வதுதான் வழி.

பிடிஎஃப் அறிவிப்புகளில் வேறொரு சிக்கல் உண்டு. முகவரி இரண்டு வரிகளில் உடைந்திருந்தால், முதல் வரி மட்டும் லிங்க்காக மாறிவிடும். மெயில் திறக்கும், ஆனால், அரைகுறை முகவரியுடன் திறக்கும். எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டிலேயே ஊறுகாய், புடவை விற்று, அதற்கென சைட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'எங்களைத் தொடர்புகொள்ள' என்று வெறும் பட்டன் மட்டும் வைக்காதீர்கள். முழு முகவரியும் கண்ணில் படட்டும். கூடவே ஒரு போன் நம்பரும் இருக்கட்டும். பட்டன் வேலை செய்யாத வாடிக்கையாளர் உங்களிடம் வந்து புகார் சொல்ல மாட்டார். பேசாமல் வேறு கடைக்குப் போய்விடுவார்.

அனுப்பும் முன் ஒரு நொடி

திரையில் தெரியும் முகவரியும் லிங்க்குக்குள் இருக்கும் முகவரியும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வங்கியின் முகவரியைக் காட்டிவிட்டு, உள்ளே மோசடிக்காரரின் முகவரியை வைக்க முடியும். எனவே மெயில் திறந்ததும் 'டூ' என்ற இடத்தில் இருப்பதைப் படியுங்கள். ஆதார், பான் நகல்களை இணைக்கும்போது இன்னும் கவனமாகப் படியுங்கள்.

கடைசியாக, மெயில் ஆப் திறந்துவிட்டாலே கடிதம் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். சென்ட் பட்டனைத் தொட்ட பிறகு, 'சென்ட்' பெட்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். 'அவுட்பாக்ஸ்' பெட்டியில் நின்றுகொண்டிருந்தால், நெட் கிடைக்கும்வரை அது உங்கள் போனைவிட்டுக் கிளம்பாது. கெடு 5 மணி என்றால் 4 மணிக்கே அனுப்பிவிடுங்கள். கோளாறு எதுவாக இருந்தாலும், சரிசெய்ய ஒரு மணி நேரம் கையில் இருக்கும்.