மாடி வீட்டுக்காரரும் வாக்காளரே

மும்பையின் தாராவி ஒரு சட்டமன்றத் தனித்தொகுதி. அதற்குள் பல ஊர்கள் அடங்கியிருக்கின்றன: மீனவர்களின் கோலிவாடா, குஜராத்திக் குயவர்கள் சூளை போடும் கும்பார்வாடா, நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள் வீதியில் பொங்கல் வைக்கும் தொண்ணூறடிச் சாலை. தேர்தல் நாளில் இவர்கள் எல்லோர் விரலிலும் ஒரே மைதான். குடிசைகளை இடித்துப் புது வீடு கட்டும் தாராவி மறுசீரமைப்புத் திட்டமோ ஆளுக்கொரு கணக்குப் போடுகிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப்பின் 2011 தொடக்கம் வரை வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் கட்டினால் 300 சதுர அடி. மாடியில் இருப்பவருக்கு வெளியே வாடகை வீடு. விடியற்காலையில் இட்லி அவித்து மாதுங்கா, சயான் தெருக்களில் விற்றுப் பிழைப்பவரை முலுண்டுப் பக்கம் அனுப்பினால், கூரை கிடைக்கும், பிழைப்பு போய்விடும். தாராவியில் வீடும் தொழிலும் ஒன்று. அதைப் பிரிப்பது அநியாயம். 2024 நவம்பரில் தாராவி மக்கள் ஜோதி கெய்க்வாடைச் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். பக்கத்துச் சயான் கோலிவாடாவில் 2014 முதல் வென்றுவரும் தமிழ்ச்செல்வன் நம் மொழிக்காரர். கட்சி வேறானாலும் இருவரும் சட்டமன்றத்தில் இரண்டைக் கேட்க வேண்டும். தகுதிப் பட்டியலைத் தமிழிலும் தெருத்தெருவாக ஒட்டுங்கள். மாடியில் வாழ்பவருக்கும் தாராவியிலேயே இடம் கொடுங்கள். வாக்குக் கேட்க மாடிப்படி ஏறியவர்களுக்கு இந்தக் கடமை உண்டு.