பச்சையைக் காட்டிப் பசியை மறைப்பதா?

தோண்டிய பள்ளத்தை மூடிவிட்டோம், செடி வைத்துவிட்டோம், நிலம் பழையபடி பசுமையாகிவிட்டது! சுரங்க நிர்வாகங்கள் பாடும் பல்லவி இது. சாட்சிக்குச் செயற்கைக்கோள் படம் வேறு. படத்தில் பச்சை இருப்பது மெய்தான். ஆனால் எந்தப் பச்சை? யாருக்குச் சோறு போடும் பச்சை?

விஞ்ஞானத்தோடு நமக்குச் சண்டையில்லை. செடியின் இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இவ்விரண்டின் வித்தியாசத்தை அளந்து பசுமையைக் கணக்கிடுகிறார்கள். அருமையான கருவி! ஆனால் இந்தக் கணக்கில் வேலிக்காத்தானும் பச்சை, தைலமரமும் பச்சை, சம்பா நெல்லும் பச்சை. காணிக்கு எத்தனை மூட்டை என்று அந்த எண் சொல்லாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் எத்தனை பேருக்குக் கூலி கிடைத்தது என்றும் சொல்லாது.

வயலின் உயிர் மேல்மண்ணில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக எரு கொட்டிப் பண்படுத்திய மண் அது. அதைத் தனியே எடுத்துக் காப்பாற்றாமல் போனால், அடியிலிருந்த களியும் மணலும் மேலே வரும், மேலிருந்தது புதைந்துபோகும். அதில் முள்மரம் முளைக்கும். அதையும் 'மீட்பு' என்று எழுதிக்கொள்ளலாமா?

நெய்வேலியைப் பாருங்கள். 1956-ல் பொதுத்துறை நிறுவனம் அமைந்தது. 1957-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். தறி ஓட மின்சாரம் வேண்டும். அந்தப் பொதுத்துறையைத் தனியார் விழுங்க நாம் விடமாட்டோம். ஆனால் 2023 ஜூலையில் வளையமாதேவியில், கதிர் விடும் பயிர் மீது இயந்திரங்களை ஏற்றிக் கால்வாய் வெட்டினார்களே, அதை எப்படி மறப்பது? பட்டாதாரருக்காவது நிலத்துக்கென்று ஒரு விலை உண்டு. நாற்று நட்ட பெண்ணின் பெயர் எந்தப் பட்டாவில் இருக்கிறது? ஆலைத் தொழிலாளியையும் வயல் தொழிலாளியையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்க நினைப்பவர்களுக்கு இதுவே நம் பதில்: மின்சாரமும் வேண்டும், நிலமும் திரும்ப வேண்டும்.

முடியாத காரியமா? முதலாளிகளின் சொர்க்கமான அமெரிக்காவிலேயே 1977-ல் சட்டம் வந்தது. நிலக்கரி தோண்டுமுன் ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். வைத்த செடி நிலைத்ததா என்று மழையுள்ள பகுதியில் 5 ஆண்டு, வறண்ட பகுதியில் 10 ஆண்டு பொறுப்பு. முதல்தர விளைநிலமானால் குறைந்தது 3 ஆண்டு விளைச்சலை அளந்து, அக்கம்பக்கத்துத் தோண்டாத நிலத்தின் விளைச்சலோடு ஒப்பிட்ட பிறகே ஈட்டுத்தொகை முழுவதும் விடுபடும். அங்கும் கம்பெனிகள் திவாலாகித் தப்பிக்கின்றன. அது வேறு கதை. சட்டப்படி அளவுகோல் விளைச்சல்தான், புகைப்படம் அல்ல.

இங்கே? தோண்டி முடித்த நிலத்தில் குத்தகைதாரர் தம் செலவில் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடிகளும் உயிரினங்களும் வளரத்தக்கதாக்க வேண்டுமென நிபந்தனை விதிக்கும்படி 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. மாட்டுக்குப் புல் சரி. மனிதனுக்கு நெல் எங்கே?

ஆகவே நாம் கோருகிறோம். மூடிய நிலத்தை ஆண்டுதோறும் அளக்கும் குழுவில் விவசாயத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் இருக்க வேண்டும். என்ன முளைத்தது, எத்தனை பிழைத்தது, மண்ணின் சத்து என்ன, கிணற்று நீர் எந்த ஆழத்தில் என்ற கணக்கைக் கிராம சபையில் தமிழில் படிக்க வேண்டும். விளைய வைத்த நிலத்தை நிர்வாகத்தின் தோட்டமாக வைத்துக்கொள்ளாமல், நிலமிழந்தோருக்கும் நிலமற்ற கூலிகளுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள், தோழர்களே!