அழும் குழந்தையின் கையில் எதைக் கொடுக்கிறோம்?



பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குத் திரும்பும் கரையான்சாவடி சந்திப்புக்கு அருகே நாம் ஓதிக்கொடுக்கும் மக்தபில், சென்ற ஆண்டு ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் சேர்ந்தான். கூர்மையான பிள்ளை. சிறிய சூராக்கள் பலவற்றை அலைபேசியில் கேட்டே மனனம் செய்திருந்தான். ஓதச் சொன்னால் மகிழ்ச்சியோடு ஓதுவான். பலகையில் எழுதச் சொன்னால் மட்டும் இரண்டு வரிகளிலேயே விரல்களை உதறிக்கொண்டு பலப்பத்தைக் கீழே வைத்துவிடுவான். அவன் எழுதும் 'ஜீம்' எழுத்தின் வயிறு வளையாமல் பாதியிலேயே முறிந்து நிற்கும்.

சோம்பல் என்று நாம் முடிவு செய்தோம். கடிந்துகொண்டோம். மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குச் சென்ற பிறகும் அவனை அமர்த்தி எழுத வைத்தோம். ஒரு நாள் ஒளூ செய்துவிட்டு வந்தவன், சட்டைக் கையின் பொத்தானை மாட்ட முடியாமல் திணறிக்கொண்டு நின்றான். அப்போதுதான் நமக்கு உறைத்தது. அந்தப் பிள்ளையிடம் குறைந்திருந்தது ஆர்வம் அல்ல, விரல்களின் வலு. அவனது விரல்கள் கண்ணாடித் திரையைத் தடவப் பழகியிருந்தன. பிசையவும், கிழிக்கவும், முடிச்சிடவும் பழகியிருக்கவில்லை. அவனை அழைத்து, தவறு நம்முடையது என்று சொன்னோம். அந்தத் தவறிலிருந்து கற்றதையே பெற்றோர்களாகிய உங்கள் முன் வைக்கிறோம்.

கம்பளிப் பொம்மை சொல்லும் பாடம்

ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி பதிவாகியுள்ளது. ஆஷூரா நாளின் காலையில் நபி (ஸல்) அவர்கள் மதீனாவைச் சுற்றியிருந்த அன்ஸாரிகளின் ஊர்களுக்கு ஆளனுப்பி, நோன்பு பற்றி அறிவிக்கச் செய்தார்கள். அதன்பின் அம்மக்கள் தாமும் நோன்பு நோற்றார்கள். தம் பிள்ளைகளையும் நோற்கச் செய்தார்கள். பிள்ளைகளுக்காகக் கம்பளியால் விளையாட்டுப் பொருள்களைச் செய்து வைத்துக்கொண்டார்கள். உணவு கேட்டுப் பிள்ளை அழும்போது, நோன்பு துறக்கும் நேரம் வரும்வரை அந்தப் பொம்மையைக் கையில் கொடுத்தார்கள்.

நோன்புப் பாடத்தில் இந்த ஹதீஸை நாம் பலமுறை ஓதிக்கொடுத்திருக்கிறோம். பிள்ளைகளை வணக்கத்தில் பழக்க வேண்டும் என்பதற்கு ஆதாரமாகவே அதைக் காட்டுவோம். அதிலிருக்கும் கம்பளியை நாம் ஊன்றிக் கவனித்ததில்லை. அந்தத் தாய்மார்களும் நோன்பாளிகளே. அவர்களுக்கும் பசியும் களைப்பும் இருந்தன. குழந்தை அழும் என்பதை முன்கூட்டியே எண்ணி, வீட்டில் கிடைத்த கம்பளியைத் தம் கையாலேயே உருவமைத்து வைத்திருந்தார்கள்.

இன்று அதே நேரத்தில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ரமலானில் அஸருக்குப் பின் அடுப்பங்கரையில் கஞ்சி கொதிக்கிறது, குழந்தை சிணுங்குகிறது, கைக்கெட்டும் தூரத்தில் அலைபேசி இருக்கிறது. கொடுத்தவுடன் அழுகை நிற்கிறது. கம்பளியிடம் அந்த வேகம் இல்லை என்பது உண்மையே. ஆனால் கம்பளிப் பொம்மையைக் குழந்தை ஆட்டுகிறது, மறைத்து வைக்கிறது, அதனோடு பேசுகிறது. திரையோ குழந்தையை அசையாமல் உட்கார வைத்துவிடுகிறது.

விளையாட்டு மார்க்கத்துக்குப் புறம்பானதா?

"ஓத அனுப்பினால் விளையாட வைக்கிறீர்களே" என்று நம்மிடம் கேட்ட பெற்றோர் உண்டு. ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகளை வைத்துத் தோழியரோடு விளையாடினார்கள். அப்பொம்மைகளுக்கிடையே துணியால் இறக்கை வைத்த குதிரை ஒன்றைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் விசாரித்து, சிறுமி தந்த பதிலைக் கேட்டுச் சிரித்ததாக அபூதாவூதில் வருகிறது. வளர்த்த சிட்டுக்குருவி இறந்துவிட்டதால் வாடியிருந்த அபூ உமைர் என்ற சிறுவனிடம் அந்தக் குருவியைப் பற்றியே பேசி ஆறுதல் அளித்தவர்களும் அவர்களே. யூஸுஃப் (அலை) அவர்களை விளையாட அனுப்புமாறு சகோதரர்கள் கேட்டபோது, தந்தை யஃகூப் (அலை) அவர்கள் விளையாட்டைக் குறை கூறவில்லை. ஓநாய் தின்றுவிடுமோ என்றே அஞ்சினார்கள்.

உருவப் பொம்மைகளைப் பற்றிய ஐயமும் எழுகிறது. ஆயிஷா (ரலி) அவர்களின் செய்தியை வைத்துக் குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு என்பதே அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. அதில் பேணுதலாக இருக்க விரும்புவோர், கண் மூக்கு வரையாத துணிப் பொம்மையோடு நிறுத்திக்கொள்ளலாம். குழந்தையின் மகிழ்ச்சி அதனால் குறைவதில்லை. முகம் இல்லாத பொம்மைக்கு அது தானே ஒரு முகத்தைக் கற்பனை செய்துகொள்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசும்போது, பாடம் முடிந்த பின் பிள்ளைக்கு நல்ல விளையாட்டை அனுமதிக்க வேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்து ஓயாமல் கல்வியில் அழுத்தினால் அதன் உள்ளம் செத்துவிடும் என்றும் எச்சரிக்கிறார்கள். சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் வந்த எச்சரிக்கை இது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதற்கு அருகிலேயே நிற்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைவு நல்லது. 3, 4 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 180 நிமிடமாவது உடலை அசைத்து ஓடியாட வேண்டும் என்கிறது அது.

வியாழக்கிழமை அரை மணி நேரம்

அந்தச் சிறுவனின் பொத்தான் நம்மை விழிக்கச் செய்த பின், வியாழக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு அரை மணி நேரத்தைக் கைவேலைக்கென ஒதுக்கினோம். செலவென்று சொல்லும்படி எதுவும் இல்லை.

முதலில் களிமண். அதைத் திரியாக உருட்டி அரபு எழுத்துகளை அமைக்கச் சொன்னோம். புள்ளிகளுக்குச் சிறு உருண்டைகள்: 'பா'வுக்குக் கீழே ஒன்று, 'தா'வுக்கு மேலே இரண்டு, 'ஸா'வுக்கு மேலே மூன்று. பலகையில் மாதக்கணக்கில் மாறிப்போன புள்ளிகள், கையால் உருட்டி வைத்த பிறகு மாறவில்லை.

மூன்று வயதுப் பிள்ளைக்குப் பழைய செய்தித்தாளைக் கிழிப்பதே பெரிய வேலை. நீளமாகக் கிழிப்பது, துண்டாக்குவது, கசக்கிப் பந்தாக்குவது, பிறகு அந்தப் பந்துகளைக் கூடையில் எறிவது. நான்கைந்து வயதானவர்கள் கப்பல் மடிக்கலாம்; ஓலை கிடைத்தால் காற்றாடி செய்யலாம். இறைவசனங்களோ அல்லாஹ்வின் பெயரோ அச்சான தாள்களை மட்டும் முன்னதாகவே பார்த்து எடுத்துவிடுங்கள்.

ரமலானில் சேரும் பேரீச்சங்கொட்டைகளைக் கழுவி உலர்த்தி வையுங்கள். 33 கொட்டைகளை எண்ணி அடுக்கினால் தஸ்பீஹும் கணக்கும் ஒன்றாக வரும். வீட்டில் பழைய பல்லாங்குழி இருந்தால் சோழிக்கும் புளியங்கொட்டைக்கும் பதிலாக அவற்றையே போட்டு ஆடலாம்.

தையற்கடையில் வீணாகும் துணித் துண்டும் ஒரு கம்பளி நூற்கண்டும் போதும். நூலை உள்ளங்கையில் ஐம்பது சுற்றுச் சுற்றி, கழற்றி, நடுவில் இறுக்கிக் கட்டி, இருபுறமும் வெட்டிவிட்டால் பஞ்சுப் பந்து கிடைக்கும். இரண்டு பந்துகளைச் சேர்த்தால் ஒரு முயல். வெட்டுவது பெரியவர் வேலை, சுற்றுவது பிள்ளையின் வேலை. அன்ஸாரிப் பெண்களின் ஹதீஸைச் சொல்லிக்கொண்டே இதைச் செய்தோம். அவ்வளவு அமைதியாக அந்தப் பிள்ளைகள் ஒரு ஹதீஸைக் கேட்டு நாம் பார்த்ததில்லை.

ஏழு வயதைக் கடந்தவர்களுக்கு, மருந்து நீக்கிய தீக்குச்சிகளையும் மிதிவண்டி வால்வு ரப்பரையும் இணைத்து முக்கோணம், சதுரம், கூடாரம் என அமைக்கும் முறை உண்டு. குப்பையிலிருந்து பொம்மை செய்வதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டு, 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அரவிந்த் குப்தா அவர்கள் நாடு முழுவதும் பரப்பிய முறை அது. சதுரத்தை அழுத்தினால் சரிகிறது, முக்கோணம் சரிவதில்லை என்று ஒரு சிறுமி தானே கண்டுபிடித்து ஓடிவந்து சொன்னாள்.

ஒரு பாட்டி கற்றுத்தந்த ஒழுக்கம்

தொடக்கத்தில் களிமண் கிடைக்காத ஒரு வாரம் கோதுமை மாவைப் பிசைந்து கொடுத்தோம். மறுநாள் ஒரு பிள்ளையின் நன்னி வந்தார். "ஹஜ்ரத், ரிஜ்க்க வெச்சு வெளாடலாமா?" என்று கேட்டார். நமக்குப் பதில் இல்லை. அவர் கேட்டது சரியே. அன்றோடு மாவை நிறுத்தினோம். வீட்டில் சப்பாத்திக்குப் பிசையும்போது ஒரு சிறு உருண்டையைப் பிள்ளையிடம் கொடுங்கள். அது தேய்த்த கோணல் சப்பாத்தியையும் சுட்டு, உண்ணுங்கள். அதில் வீண்விரயமும் இல்லை; வீட்டு வேலையில் தனக்கும் பங்குண்டு என்று பிள்ளை உணர்கிறது.

மற்றோர் எச்சரிக்கை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை எதையும் வாயில்தான் வைக்கும். கொட்டை, மணி, பொத்தான் போன்றவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பழைய பொம்மைகளில் இருக்கும் வட்டமான சிறு பேட்டரிகள் விழுங்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து. இவற்றை அக்குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்; பக்கத்தில் ஒரு பெரியவர் இருங்கள்.

கைத்தொழில் நமக்குப் புதியதன்று

தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்று புகாரியிலும், ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று முஸ்லிமிலும் வருகிறது. நம் தமிழகத்தையே பாருங்கள். நெல்லை மாவட்டத்துப் பத்தமடையில் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள், தாமிரபரணிக் கரையின் கோரையை நீரில் ஊறவைத்து, நூலிழை போல் கீறி நெய்யும் பாய் புவிசார் குறியீடு பெற்றது. தாய் நெய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகும் விரல்களால்தான் அத்தகைய கலை தலைமுறை தாண்டி வருகிறது.

கல்வித் துறையும் இவ்வழிக்கே வந்திருக்கிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பின்னர் மாநிலமெங்கும் பரவியது. 2022 ஜூன் 13 அன்று 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. ஆடல், பாடல், கதை, பொம்மலாட்டம் வழியாகவே சிறு வகுப்புகளுக்கு அதில் பாடம் நடக்கிறது. அரசுப் பள்ளி வகுப்பறைக்குள் வந்துவிட்டதை நம் வீட்டுக்குள்ளும் மக்தபுக்குள்ளும் கொண்டுவரத் தயங்குவானேன்?

கடையில் வாங்கிய கைவேலை

மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும். பள்ளிகள் பல, 'பிராஜெக்ட்' என்ற பெயரில் கைவேலை கேட்கின்றன. பிள்ளைக்கு நேரமில்லை, நமக்கும் நேரமில்லை. எழுதுபொருள் கடையில் பணம் கொடுத்தால் தெர்மகோலில் செய்த வீடும் எரிமலையும் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. அதன்மேல் பிள்ளையின் பெயரை எழுதி அனுப்பிவிடுகிறோம். அதற்கு மதிப்பெண்ணும் வருகிறது.

தான் செய்யாததைத் தான் செய்ததாகக் காட்டுவதற்கு என்ன பெயர் என்பதை நாம் மக்தபில் கற்றுக்கொடுக்கிறோம். அதையே பெற்றோர் கையால் பிள்ளைக்குப் பழக்கினால், நாம் ஓதிக்கொடுத்த அமானிதம் எங்கே நிற்கும்? கோணலாக ஒட்டிய அட்டைவீடு பாதி மதிப்பெண் பெறட்டும். அது அவன் வீடு.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

இவ்வளவும் சொல்லும்போது தாய்மார்களைக் குற்றஞ்சாட்டுவதாக எவரும் எண்ண வேண்டாம். ஓரறை வீட்டில், வாசலிலேயே வாகனங்கள் உரசிச் செல்லும் தெருவில், தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே குழந்தையையும் பார்த்துக்கொள்ளும் தாயின் நிலையை நாம் அறிவோம். அவர் அலைபேசியைக் கொடுப்பது அன்பில்லாமையால் அல்ல. இரண்டு கைகளே இருப்பதால். ஆகவே இந்தப் பொறுப்பின் பெரும்பங்கு தந்தையருக்கும், வீட்டிலிருக்கும் நன்னா நன்னிமார்களுக்கும், மஹல்லாக்களுக்கும் உரியது. தந்தையர் இஷாவுக்குப் பின் பதினைந்து நிமிடம் தம் அலைபேசியைக் கீழே வைத்துவிட்டு ஒரு காகிதக் கப்பல் மடிக்கட்டும். பள்ளிவாசல் நிர்வாகங்கள் வாரத்தில் ஒரு மாலை ஒரு பாயை விரித்து, களிமண்ணும் நூலும் வைத்துப் பிள்ளைகளை அழைக்கட்டும். பெரிய கட்டடமோ வசூலோ இதற்குத் தேவையில்லை.

செய்த பொருள் அழகாக இருக்க வேண்டும் என்று பிள்ளையை நெருக்காதீர்கள். நீங்களே செய்து முடித்துவிடவும் செய்யாதீர்கள். அருகில் அமர்ந்து, கேட்டால் மட்டும் உதவுங்கள். நேரம் போகும்தான். அன்ஸாரித் தாய்மார்கள் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்ததும் கம்பளியோடு சேர்ந்த அந்த நேரத்தைத்தான்.

அந்தச் சிறுவன் இப்போது பொத்தானைத் தானே மாட்டிக்கொள்கிறான். பலகையில் அவன் எழுதும் 'ஜீம்' எழுத்தின் வயிறு இன்னும் சற்றுக் கோணல்தான். ஆனால் முறியாமல் வளைகிறது. சென்ற வியாழன் தன் தங்கைக்கென்று ஒரு கம்பளி முயலைச் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். அவள் அழும்போது கொடுப்பானாம்.

நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக. அவர்களுக்கு நேரம் கொடுக்கும் மனத்தை நமக்குத் தருவானாக. அவர்களின் கைகளை நன்மைக்கு உழைக்கும் கைகளாக வல்ல அல்லாஹ் வளர்ப்பானாக. ஆமீன்.