பிராது கொடுத்தவனே நாட்டாமை

ஊர்ப் பஞ்சாயத்து எப்படி நடக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பிராது கொடுப்பவன் ஊர்க்காரன். தீர்ப்பு சொல்பவன் அவன் பங்காளி. சேரிக்காரன் கைகட்டி நின்று கேட்டுவிட்டு, அபராதத்தைக் கட்டிவிட்டு வரவேண்டும். அதே ஏற்பாடு இப்போது காப்புரிமை என்ற பெயரில் இணையத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

யூடியூப் நிறுவனம் 2007இல் 'கன்டென்ட் ஐடி' என்ற இயந்திரச் சோதனையைக் கொண்டுவந்தது. பெரிய கம்பெனிகள் தங்கள் பாட்டையும் படத்தையும் அதில் பதிந்து வைக்கும். வேறு யார் எதை ஏற்றினாலும் இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் 'இது கம்பெனி சொத்து' என்று முத்திரை குத்தும். வருமானம் அந்தப் பக்கம் போகும், அல்லது பதிவு முடங்கும். இயந்திரம் தப்பு செய்தால்? மறுப்பு எழுதலாமாம். அந்த மறுப்பு யார் கைக்குப் போகிறது? உரிமை கோரிய அதே கம்பெனிக்கு! பதில் சொல்ல அதற்கு 30 நாள் அவகாசம். 'இல்ல, என்னுதுதான்' என்று அது சொல்லிவிட்டால் மேல்முறையீடு. அதுவும் அந்தக் கம்பெனியிடமே போகிறது. அப்போதும் மசியாமல் பதிவை நீக்கச் சொன்னால் நம் கணக்கின்மேல் ஒரு கரும்புள்ளி. மூன்று சேர்ந்தால் கணக்கே காலி. இதற்குத் துணிந்து எவன் மறுப்பு எழுதுவான்?

அந்த நிறுவனமே வெளியிட்ட கணக்கு இது: 2021இன் முதல் ஆறு மாதத்தில் 72 கோடிக்கும் மேற்பட்ட உரிமைக் கோரல்கள். மறுக்கப்பட்டவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மறுக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு 60 ஏற்றியவர் பக்கமே முடிந்தன. ஏறத்தாழ 22 லட்சம். தகராறு எவ்வளவு குறைவு பாருங்கள் என்பது நிறுவனத்தின் பெருமை. நான் வங்கியில் குமாஸ்தா. மறுத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள், ஆகவே மறுக்காததெல்லாம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தட்டிக்கேட்ட பதிவுகளில் பாதிக்குமேல் தப்பென்றால், மிச்சப் பேரேட்டை அப்படியே மூடிவைக்க எந்தத் தணிக்கையாளனும் சம்மதிக்கமாட்டான். வாய் திறக்காததையெல்லாம் சம்மதம் என்று எழுதிக்கொள்வது பண்ணையார் கணக்கு.

ஆஸ்திரேலிய இசைக்காரர் ஒருவர் பத்து மணிநேர வெறும் இரைச்சலை ஏற்றியிருந்தார். அதற்கும் ஐந்து கோரல்கள் வந்தன. 2018இல் உலகமே சிரித்தது. நம்மால் சிரிக்க முடியவில்லை. நம்மிடம் பறை இருக்கிறது.

திருத்தணி 1960இல்தான் ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் டப்பு, இந்தப் பக்கம் பறை. எல்லைக்கல் நட்டவர்களால் அடியைப் பிரிக்க முடியவில்லை. இந்த அடியை இயற்றியவர் யார் என்று சட்டம் கேட்டால் என்ன பெயர் சொல்வோம்? பாட்டனும் பூட்டனும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் ஒலிப்பதிவு செய்தவனுக்குப் பதிவின்மேல் 60 ஆண்டு உரிமை உண்டு. சேரியில் அடித்த அடியை ஒரு கம்பெனி வெட்டி எடுத்துத் தன் பாட்டில் ஒட்டிப் பதிந்துவிட்டால், மூலப் பதிவையே இயந்திரம் திருட்டு என்று பிடிக்கும்.

சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று பறையைக் கொளுத்தியவர்களும் நம் ஆட்கள். தொண்ணூறுகளின் தலித் கலைவிழாக்களில் அதை விடுதலை இசையாக முழக்கியவர்களும் நம் ஆட்கள். இழிவென்று சுமத்தப்பட்டபோது மட்டும் அது நமக்குச் சொந்தம். காசு வரும்போது கம்பெனிக்குச் சொந்தமா?

முறையிட்டால் நடக்காது என்பதும் பொய். பாரதி பாட்டின் இசை உரிமை ஏவி.எம். கையில் இருந்தது. 1948இல் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்ததற்கு வழக்கு வந்தது. மக்கள் கொதித்தார்கள். 1949இல் அரசு பாரதி படைப்புகளைக் கையகப்படுத்தி, பிறகு பொதுவாக்கியது. பாரதிக்குக் குரல் கொடுக்க ஊரே இருந்தது. பறைக்கு நாம்தான்.

ரிசர்வ் வங்கி 1995இலேயே குறைதீர்ப்பாளரை வைத்தது. வாடிக்கையாளர் புகாருக்கு வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் அவர் வெளியே போய் முறையிடலாம். வங்கியே எல்லாம் ஒழுங்காய்ச் செய்துவிடும் என்று யாரும் நம்பவில்லை. 2012இல் திருத்திய நம் காப்புரிமைச் சட்டமும், புகார் கொடுத்தவன் 21 நாளுக்குள் கோர்ட்டு உத்தரவு கொண்டுவராவிட்டால் தளம் முடக்கத்தை நீக்கலாம் என்கிறது. சுமை குற்றம் சாட்டுகிறவன் தலையில். இயந்திரமோ அதை நம் தலைக்கு மாற்றிவிட்டது.

கோரிக்கைகள் மூன்றுதான். மறுப்பை மூன்றாம் ஆள் விசாரிக்க வேண்டும். பதில் தமிழில், காரணத்தோடு வரவேண்டும். பொய் உரிமை கோருகிறவனுக்கும் மூன்று கரும்புள்ளி வேண்டும்.

'நாம ஏத்தலாமா வேணாமாண்ணே?' என்று பறைக்குழுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஏத்துங்க. அடித்தவர் பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் பதிவிலேயே சொல்லி ஏத்துங்க. மூலப் பதிவைப் பத்திரமாய் வையுங்கள். தப்பான கோரல் வந்தால் மறுப்பு எழுதுங்கள். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் எழுதுங்கள். 2021 விதிகளின்படி அப்படி ஒருவர் இருந்தாக வேண்டும். அவரும் கைவிரித்தால், மேல்முறையீட்டுக் குழுக்கள் 2023இல் அமைக்கப்பட்டிருக்கின்றன. படித்த தோழர்கள் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மனு எழுதுங்கள். ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். நூறு நகல் சேரட்டும், அப்புறம் அவர்கள் கணக்கை நாம் தணிக்கை செய்வோம்.